ஊர்பேர் அறியாதோர் தந்த கதைகள்

கதை எழுத வேண்டும் என்னும் ஆவல் நம் பிள்ளைகளிடம் பெருகி வருகிறது. மதரஸாவிலும் கல்லூரியிலும் பயிலும் இளையோர் சிலர், தாம் எழுதியவற்றை நோட்டுப் புத்தகத்திலும் கைப்பேசியிலுமாகக் கொண்டுவந்து என்னிடம் காட்டுகின்றனர். ஆர்வத்தோடு வாங்கிப் படிக்கிறேன். படித்து முடிக்கையில் ஓர் ஐயம் எழுகிறது: இப்பிள்ளைகள் எந்த ஊரில் வசிக்கிறார்கள்?

அவர்கள் கதைகளில் வரும் ஏழை ஓயாமல் இருமுகிறார். பணக்காரர் மாடிப்படியில் இறங்கியபடியே அதட்டுகிறார். மாமியார் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்கிறார். தொழிலாளி ஒருவர் வந்தால், கண்ணீர் சிந்துவதற்கென்றே வருகிறார். இம்மாந்தர் அனைவரும் தொலைக்காட்சித் தொடர்களிலிருந்து எழுந்து வந்தவர்கள். ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்தில் ஒரு நாளேனும் நின்றவர்கள் அல்லர். நான் அங்கே கண்ட தொழிலாளி ஒருவர், இரவு ஷிப்டு முடிந்து வந்து, தேநீரில் பன்னைத் தோய்த்தபடியே, முந்தைய நாள் கிரிக்கெட் ஆட்டம் குறித்து நண்பரோடு உரத்த குரலில் வாதாடிக்கொண்டிருந்தார். அவருக்கும் கடன் இருக்கலாம். வீட்டில் நோயாளி இருக்கலாம். ஆயினும் அந்நேரத்தில் அவருக்குப் பெரிதாக இருந்தது, கடைசி ஓவரை யாரிடம் கொடுத்திருக்க வேண்டும் என்பதுதான். பாராமல் எழுதுவோர்க்கு இது தெரிவதில்லை.

பார்ப்பதற்கு ஆள் இல்லை என்று இப்பகுதியில் வாழும் எவரும் சொல்ல இயலாது. சென்னையிலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள இவ்வூர், நெடுங்காலம் இராமாநுசர் பிறந்த ஊர் என்றே அறியப்பட்டிருந்தது. 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி இங்குக் கொலையுண்டபோது இதன் பெயர் உலகெங்கும் ஒலித்தது. பின்னர் தொழிற்சாலைகள் வந்தன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006இல் நோக்கியா கைப்பேசி ஆலை உற்பத்தியைத் தொடங்கிற்று. அது 2014 நவம்பரில் மூடப்பட்டது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில், பெண் தொழிலாளர் 18,720 பேர் தங்குவதற்கென ஒரே வளாகத்தில் விடுதி திறக்கப்பட்டிருக்கிறது. ஒரு சிற்றூரின் மக்கள்தொகையைவிடக் கூடுதலானோர் ஒரு மதிலுக்குள் உறங்கி எழப் போகிறார்கள் என்றால் எண்ணிப் பாருங்கள்! தமிழகத்தின் தென்கோடியிலிருந்தும், பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அஸ்ஸாம், மேற்கு வங்கத்திலிருந்தும் வந்தவர்கள் இங்கே ஒரே கடையில் ரீசார்ஜ் செய்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் ஒரே வரிசையில் தோளோடு தோள் நின்று தொழுகிறார்கள்.

வந்தவர்களை நாம் எவ்வாறு குறிப்பிடுகிறோம்? "கம்பெனிப் பெண்கள்", "வடக்கத்திப் பையன்கள்", "ஷிப்டு ஆட்கள்". இவை கும்பலுக்கு இட்ட பெயர்கள். கும்பலை வைத்துச் செய்தி எழுதலாம். கதை எழுத இயலாது. 2021 டிசம்பரில், கைப்பேசி ஆலையொன்றின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உடன் பணிபுரிந்தோர் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். நாளிதழ்கள் எண்ணிக்கையைத் தந்தன. அது அவற்றின் கடமை. சாலையில் அமர்ந்திருந்த அவ்விரவில், ஊரிலிருந்து தாயார் தொலைபேசியில் அழைத்தபோது, "சாப்பிட்டாயா?" என்ற வினாவுக்கு ஒரு பெண் என்ன விடை சொல்லியிருப்பாள்? அதை எழுதுவது கதாசிரியரின் கடமை. அக்கடமையைச் செய்ய முன்வந்தோர் நம்மிடையே மிகக் குறைவு.

பனூ ஹராம் பள்ளிவாசலில் ஒரு முதியவர்

முன்பின் அறியாத ஒருவரைக் கண்ணுற்று அவரைக் கதை மாந்தராக்குவது மேல்நாட்டார் கற்றுத் தந்த வித்தை என்று எண்ணிவிட வேண்டாம். நம் அரபி மதரஸாக்கள் பலவற்றில் பாடநூலாக விளங்கும் 'மகாமாத்' அவ்வாறு பிறந்த நூல்தான். அதனை இயற்றிய ஹரீரி, 1054 முதல் 1122 வரை வாழ்ந்த பஸ்ராக்காரர். அவருடைய மகனார் கூறியதாக வரலாற்றாசிரியர்கள் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கின்றனர்.

பஸ்ராவில் பனூ ஹராம் பகுதியிலுள்ள பள்ளிவாசலில் ஹரீரி அமர்ந்திருந்தார். நைந்த ஆடைகள் இரண்டை அணிந்த முதியவர் ஒருவர் உள்ளே நுழைந்தார். நெடுந்தொலைவு நடந்து வந்தவர் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. தோற்றம் வறியது; ஆனால் அவர் வாய் திறந்ததும் அவையோர் வியப்பில் ஆழ்ந்தனர். அத்துணை செம்மையான அரபி! எந்த ஊர் என்று வினவினர், ஸரூஜ் என்றார். அழைக்கும் பெயர் யாது என்று கேட்டனர். அபூ ஸைத் என்றார். தம் பிள்ளை ரோமானியரிடம் சிறைப்பட்டிருப்பதாகக் கூறி உதவி வேண்டினார். அன்று மாலை ஹரீரி இதனை நண்பர்களிடம் வியந்து சொன்னபோது, அவர்களுள் ஒவ்வொருவரும், அதே மனிதர் தத்தம் பள்ளிவாசலுக்கும் வந்ததாகவும், ஒவ்வோரிடத்திலும் வெவ்வேறு கதை சொன்னதாகவும் கூறினார்களாம்.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? "ஏமாற்றுக்காரர், எச்சரிக்கையாக இருங்கள்" என்று ஜமாஅத்தாருக்கு அறிவிப்போம். இக்காலமானால் படத்தோடு வாட்ஸ்அப்பில் பரப்புவோம். ஹரீரி அவ்விரவு எழுதுகோலை எடுத்தார். இன்று நூலில் நாற்பத்தெட்டாவதாக உள்ள ஹராமிய்யா மகாமாவே அவர் முதலில் எழுதியது. அதிலிருந்து வளர்ந்து ஐம்பதாயிற்று. ஓர் ஊரில் அபூ ஸைத் உபதேசம் செய்து ஊராரை அழவைக்கிறார். பிறிதோர் ஊரில் நொண்டியாக வருகிறார். மற்றோர் ஊரில் காஸியின் முன் மனைவியோடு வழக்காடுகிறார். ஒவ்வொரு முறையும் ஹாரிஸ் இப்னு ஹம்மாம் என்னும் பயணி அவரை இன்னாரெனக் கண்டுகொள்கிறார். ஹரீரி மறைந்து 115 ஆண்டுகள் கழித்து, 1237இல், வாஸிதீ என்னும் ஓவியர் இந்நூலுக்கு 99 படங்கள் தீட்டினார். அப்படி இன்று பாரிஸ் நகரின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. பள்ளிவாசலில் சிறிது நேரம் நின்று பேசிப் போனவருக்கு வாய்த்த ஆயுளைப் பாருங்கள்!

இதில் இன்னொரு செய்தி ஈண்டு நோக்கத்தக்கது. ஹரீரி பஸ்ராவில் வகித்த பதவி 'ஸாஹிபுல் கபர்' என்பது. ஊரில் நடப்பவற்றைக் கூர்ந்து கவனித்துத் தலைநகருக்கு அறிவிக்கும் அலுவல். ஆகவே பிறரை நோக்குவது அவருக்கு வயிற்றுப்பாடு. ஆயினும் அம்முதியவரைப் பற்றி அவர் எழுதியது அறிக்கையன்று. அறிக்கை எழுதுபவர், "இவர் செய்தது குற்றமா?" என்ற இடத்தில் நின்றுவிடுவார். ஹரீரியோ, இத்துணை மொழிவளம் பெற்றவர் ஏன் கையேந்த நேர்ந்தது, எந்த முகத்தோடு அடுத்த பள்ளிவாசலின் படியேறுவார், தனியே இருக்கும்போது தம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்று மேலே சென்றார். நூலின் முடிவில் அபூ ஸைத் பிழை பொறுக்க வேண்டி அழுது திருந்திவிடுகிறார். (அவருக்கு ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்னரே, அதே பஸ்ராவின் ஜாஹிழ் கஞ்சர்களைக் கவனித்து ஒரு நூலே எழுதியிருக்கிறார். அதனைத் தனியே பேச வேண்டும்.)

துருவித் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் மார்க்கம் தடுத்திருக்கிறதே, அவ்வாறிருக்க முன்பின் தெரியாதவரைப் பார்த்து எழுதுவது கூடுமா என்று மாணவர் சிலர் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். தெருவில் தானாகக் கண்ணில் படுவதைக் காண்பதும், சாளரத்தின் வழியே எட்டிப் பார்ப்பதும் ஒன்றாகா. ஒருவர் பின்னால் தொடர்ந்து செல்லுதல், அவர் கைப்பேசித் திரையை எட்டிப் பார்த்தல், பேச்சைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தல், படம் எடுத்தல் ஆகியவை கதாசிரியரின் வேலையல்ல. அவை இல்லாமலே எழுத வேண்டிய அளவுக்கு மனிதர்கள் நம் கண்முன் தாமாகவே தெரிகிறார்கள்.

அறிந்த ஊரும் அறியாத ஊரும்

நம் தமிழில், நம் சமுதாயத்தில் இவ்வாறு பார்த்து எழுதியவர் உண்டா? தோப்பில் முஹம்மது மீரானை முதலில் சொல்ல வேண்டும். 1944இல் குமரி மாவட்டம் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்தவர். பள்ளியில் பயின்றது மலையாளம். தொழில் மிளகாய் வற்றல் வணிகம். அவருடைய 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' நம் சமுதாயத்தின் 'முஸ்லிம் முரசு' மாத இதழில் தொடராக வந்து 1988இல் நூலாயிற்று. ஊரை ஆட்டிவைக்கும் அஹமதுகண்ணு முதலாளியும், அவருக்கு அஞ்சாத சுறாப்பீலி வியாபாரி மஹ்மூதும் தமிழ் நாவலுக்குப் புதிய மாந்தர்கள். 1997இல் 'சாய்வு நாற்காலி' அவருக்கு சாகித்ய அகாதமி விருதைப் பெற்றுத் தந்தது. 2019இல் மறைந்தார். நம் குடும்ப இதழ்களில் கதை வெளிவந்தால் யார் படிக்கப் போகிறார்கள் என்று சலித்துக்கொள்ளும் இளைஞர்கள் இதனை நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் மீரானுக்கு வாய்த்தது பிறந்த ஊர். யார் யாருடைய பேரன், எந்த வீட்டில் என்ன பகை என்பதெல்லாம் அங்கே குழந்தைக்கும் தெரியும். ஸ்ரீபெரும்புதூரில் அந்த வசதி இல்லை. இங்கே எதிரில் நிற்பவரின் பாட்டனாரை நமக்குத் தெரியாது. அவர் மொழியே சில வேளை புரியாது. இங்கு எழுதுபவர் தமக்குக் கிடைக்கும் மிகச் சிறிய துணுக்கிலிருந்து முழு மனிதரை உருவாக்க வேண்டும்.

அது இயலும் என்பதற்கு வைக்கம் முஹம்மது பஷீரின் 'மதில்கள்' சான்று. விடுதலைப் போராட்ட நாட்களில் பல ஊர்களில் அலைந்து, சிறையும் புகுந்தவர் அவர். அந்நாவலில் ஆண்கள் சிறைக்கும் பெண்கள் சிறைக்கும் நடுவே ஓர் உயரமான மதில் நிற்கிறது. மதிலுக்கு அப்பாலிருந்து நாராயணி பேசுகிறாள். கதை சொல்பவர் இறுதிவரை அவளைக் காண்பதில்லை, நாமும் காண்பதில்லை. வெறும் குரல்! ஆயினும் படித்து முடித்தவர் நாராயணியை மறப்பதில்லை.

நம் இல்லத்துப் பெண்மணிகளுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. "நாங்கள் எங்கே போய் மனிதர்களைப் பார்ப்பது?" என்று கேட்பவர்கள், நாகூரின் சித்தி ஜுனைதா பேகத்தை எண்ணிப் பார்க்கட்டும். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன அவர், 1938இல் 'காதலா கடமையா' நாவலை வெளியிட்டார், உ.வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை வழங்கினார். வாசலில் கீரை விற்கும் குரல், மருத்துவமனை நீள்பலகையில் பக்கத்தில் அமர்ந்தவர், கல்யாண மண்டபத்தில் யாரோடும் சேராமல் ஓரமாக உண்டு எழுபவர் என்று, ஆண்களாகிய நாங்கள் காணாதவற்றைப் பெண்கள் நாள்தோறும் காண்கிறார்கள். உள்ளபடி சொன்னால், எங்களைவிட நீங்களே நுணுக்கமாகப் பார்ப்பவர்கள். அதற்கு என் வீட்டிலிருந்தே ஒரு சான்று தருகிறேன்.

கைக்குட்டை முடிச்சு

என் துணைவியார் காஞ்சிபுரத்திலிருந்து பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கையில் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க, பிற சமயத்துப் பெண் ஒருவர். கழுத்துப் பட்டையில் தொங்கிய அடையாள அட்டை, அவர் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிபவர் என்பதைக் காட்டிற்று. இறங்கும் இடம் நெருங்கியதும் அப்பெண் குனிந்து, கால் விரல்களிலிருந்து மெட்டிகளைக் கழற்றினார். கைக்குட்டையின் மூலையில் முடிந்து, சாப்பாட்டுப் பைக்குள் அடியில் வைத்தார். பின்னர் எதுவும் நடவாதது போல் இறங்கிச் சென்றுவிட்டார். என் துணைவியார் ஒன்றும் கேட்கவில்லை.

ஏன் கழற்றினார்? மின்னணுக் கருவிகள் செய்யும் ஆலைகளில் உலோக அணிகலன்களோடு உள்ளே விடமாட்டார்கள். வாயிலில் சோதனை உண்டு. காரணம் அவ்வளவாகவே இருக்கலாம். ஆனால் 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் நிறுவனம் வேறொரு செய்தி வெளியிட்டது: இப்பகுதியில் ஐபோன் தயாரிக்கும் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் தவிர்க்கிறார்கள் என்று. மத்திய அரசு மாநிலத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்கும் அளவுக்கு அது பெரிதாயிற்று. அப்பெண் எந்த ஆலையில் பணிபுரிகிறார் என்பது எங்களுக்குத் தெரியாது. ஒருவேளை அவர் மெட்டியை அல்ல, திருமணத்தையே முடிந்து வைக்கிறாரோ? அல்லது வேறு ஏதேனும் வருத்தமோ? ஒரு முடிச்சுக்குள் எத்தனை வழிகள் இருக்கின்றன, பாருங்கள்.

அவரிடம் வினவியிருந்தால் ஏதேனும் ஒரு விடை வந்திருக்கும். அத்தோடு நம் மனம் அடங்கியிருக்கும். தெரியாத இடத்தில்தான் கற்பனை வேலை செய்யத் தொடங்குகிறது. தெரிந்ததை மட்டும் எழுதினால் அது செய்தியாகிவிடும்.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. இதே நிகழ்ச்சியை ஒருவர் பேருந்துத் தட எண்ணோடும், இறங்கிய நிறுத்தத்தின் பெயரோடும், சீருடையின் நிறத்தோடும், ஷிப்டு நேரத்தோடும் எழுதுவதாகக் கொள்வோம். நமக்கு அவை உயிரோட்டமான விவரங்கள். ஆலையின் மேற்பார்வையாளர் கண்ணில் அவை பட்டால், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பிழைப்பு போய்விடும். ஹரீரி தம் மாந்தருக்கு அந்த முதியவர் சொன்ன பெயரையும் ஊரையுமே வைத்தார். அபூ ஸைத் என்ற பெயரில் அன்று ஆயிரம் பேர் இருந்திருப்பர், அவரும் வழிப்போக்கர். நம் காலத்துக்கு அது ஆகாது. கைப்பேசியில் தேடினால் எவரையும் கண்டுபிடிக்கக்கூடிய காலம் இது. எனவே பெயர், ஊர், தொழில் ஆகியவற்றை மாற்ற வேண்டும் என்பதோடு, மனிதரையே மாற்றிவிட வேண்டும் என்பேன். கண்டவற்றுள் ஒரே ஒரு செய்கையை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

முகத்தைவிடக் கைகளைப் பாருங்கள் என்றும் சொல்வதுண்டு. முகத்தை மனிதர் பிறருக்காகத் திருத்தி வைத்துக்கொள்கிறார்கள். எங்கள் பள்ளிவாசல் ஹவுளில் ஒளூச் செய்யும் வடமாநிலத் தம்பி ஒருவர், நக இடுக்கில் ஏறிய இயந்திர எண்ணெய்க் கறையைப் போக்க, மற்றவர்கள் எழுந்து போன பின்னும் தேய்த்துக்கொண்டே இருப்பார். வரிசையில் நிற்கையில் விரல்களை மடக்கிக்கொள்வார். அந்த மடக்கிய விரல்கள் போதும். அவருடைய சம்பளம் என்ன, ஊரில் எத்தனை தங்கைகள் என்று விசாரிக்கத் தேவையில்லை. கண்டதை அந்த இடத்திலேயே குறிப்பெடுக்கவும் வேண்டாம், எதிரிலிருப்பவர் சங்கடப்படுவார். வீடு வந்து இஷாவுக்குப் பின் எழுதுங்கள். அதற்குள் மறந்துபோனது எழுத வேண்டாதது.

எங்கள் தெருவில் பி.ஏ. பயிலும் மாணவி ஒருத்தி, மெட்டி நிகழ்ச்சியை என் துணைவியாரிடம் கேட்டுவிட்டுப் போய் ஒரு கதை எழுதத் தொடங்கினாள். படித்தபோது முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. பேருந்தில் கழற்றுபவளை, அணிபவளாக மாற்றியிருந்தாள். அவள் கதையின் நாயகி நாற்பது வயதுக் கைம்பெண். வேலைக்குப் போகும் வழியில் ஆடவர் தொல்லையிலிருந்து தப்புவதற்காகப் பேருந்தில் ஏறியதும் மெட்டிகளை அணிந்துகொள்கிறாள். மாலையில் தெருமுனை வருமுன் கழற்றிவிடுகிறாள். ஒரு நாள் மழை. அவளை அழைத்துப்போக மாமியார் குடையோடு பேருந்து நிறுத்தத்துக்கே வந்து நிற்கிறார். மெட்டிகள் இன்னும் காலில் இருக்கின்றன.

அவ்விடத்தில் கதை நின்றுவிட்டது. "ஹஜ்ரத், மாமியார் இப்போது என்ன சொல்வார்?" என்று என்னிடம் வந்து கேட்டாள். தொடர்களில் வரும் மாமியார் என்ன சொல்வார் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். அது வேண்டாம் என்றேன். மழை பெய்யும் மாலையில் நிறுத்தத்தில் காத்து நிற்கும் முதியவர்களைப் போய்ப் பார்த்து வரச் சொன்னேன். போன வாரம் நல்ல மழை. தாயாரோடு போய் நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். மாமியார் இன்னும் வாய் திறக்கவில்லை. குடையைப் பிடித்திருக்கும் கையைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள்.